ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாம் கடிதம்

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வரிசை என்று ஒன்று கிடையாது. பொள்ளாச்சி பஸ் உள்ளே திரும்பும்போதே துண்டு, கூடை, டிபன் கேரியர் என்று கையில் இருப்பதையெல்லாம் ஜன்னல் வழியே போட்டு இடம் பிடிக்கிற கூட்டம் அது. முழங்கையில் பலமிருந்தால் ஜன்னலோரம், இல்லாவிட்டால் கிணத்துக்கடவு வரைக்கும் ஒற்றைக்கால் தவம். 1999-ஆம் வருஷத்தில் அந்த வட்டாரத்திலேயே ஒழுங்காக வரிசையில் நின்றவை எவை என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாஜிதா பேகத்தின் டெலிபோன் பூத்துக்கு வந்த கடிதங்களைத்தான் சொல்ல வேண்டும்.

தபால்காரர் கொண்டுவந்து போடுகிற கடிதங்கள் இல்லை. ஈமெயில்.

சாஜிதாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனதால் அரசாங்கம் கொடுத்த பூத் அது. வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்கள் மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்து மிரண்டு, நலமா என்று கேட்டு முடிப்பதற்குள் போனை வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டாள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஈமெயில் விலாசம். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிறவர்கள் அந்த விலாசத்துக்கு எழுதுவார்கள். யாருக்கு, எந்த ஊருக்கு என்பது முதல் வரியில் இருக்கும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். சாஜிதா அதைத் தாளில் அடித்து, மடித்து, பெயர் எழுதி வைப்பாள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டுவாள்.

முதல் ஆறு மாதம் இது குளறுபடியாகத்தான் ஓடியது. ரிஃபத் என்ற பெயரில் மட்டும் மூன்று பேர் வாடிக்கை. குனியமுத்தூர் ரிஃபத்துக்கு வந்த கல்யாணச் சம்மதம் கோட்டைமேட்டு ரிஃபத்தின் வீட்டுக்குப் போய், அந்த வீட்டில் நாள் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கு சாஜிதாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. இரண்டு வீட்டிலும் போய் உட்கார்ந்து திட்டு வாங்கியது தனிக் கதை.

அதற்குப் பிறகுதான் பிரவின்குமார் என்கிறவன் ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி புரோகிராமை எழுதிக் கொடுத்தான். அவன் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர். பெங்களூரில் கட்டிக்கொடுத்த அக்காவோடு பேச ஞாயிற்றுக்கிழமை தோறும் பூத்துக்கு வருகிறவன். சாஜிதா புலம்பியதைக் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு ஒரு பிளாப்பியோடு வந்து உட்கார்ந்தான். மொத்தமே பதினான்கு வரி.

"இனிமே உள்ள வர்ற ஒவ்வொரு கடுதாசிக்கும் இதுவே ஒரு நம்பர் போட்டுருமுங்க்கா. வந்த தேதி, மணி, நிமிஷம், விநாடி எல்லாம் தலையிலயே எழுதிப்போடும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"ரெண்டு கடுதாசி ஒரே விநாடியில வந்து நின்னா என்னாங்க தம்பி பண்ணும்? ரெண்டுக்கும் ஒரே நம்பரைப் போட்டுட்டா மறுபடியும் ரிஃபத் கதைதான்."

பிரவின்குமார் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சந்தோஷமாகச் சிரித்தான். லேப்பில் படிக்கிற பிள்ளைகள் ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்றான். நான்காவது வரியைக் காட்டி விளக்கினான். முதலில் உள்ளே நுழைகிற கடிதம் பூட்டு என்ற பெயரில் வெற்றாக ஒரு கோப்பு, அதாவது ஃபைல், உண்டாக்கிவிடும். அந்தக் கோப்பு இருக்கிறவரைக்கும் அடுத்த கடிதம் வெளியே காத்திருக்க வேண்டும். முதல் கடிதம் கடைசி எண்ணைப் பார்த்து, ஒன்று கூட்டி, அதைத் தன் தலையில் எழுதிக்கொண்டு, பூட்டை அழித்துவிட்டு நகர்ந்த பிறகுதான் அடுத்தது உள்ளே வரும்.

"ஒண்ணுமே எழுதாத கோப்பா?"

"ஒண்ணுமே இல்லீங்க. அது அங்க இருக்குதுங்கறதுதான் கணக்கு."

சாஜிதாவுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. பொய்யில்லை, அவளே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஆள் பார்க்காமல், ஊர் பார்க்காமல், பணக்காரக் கடிதம் ஏழைக் கடிதம் என்று பார்க்காமல், வெறும் காற்றால் செய்த ஒரு பூட்டுக்கு உலகத்துக் கடிதமெல்லாம் கட்டுப்பட்டு நிற்கிறதே என்று அவளுக்கு மாளாத ஆச்சரியம். ஒரு நாளைக்கு மூன்று தடவை மோடம் கீச்சிட்டுக் கதறி லைன் பிடிக்கும். திரையில் எண்ணும் நேரமும் ஒவ்வொரு வரியாக நகரும். தொழுகை முடிந்து உருட்டுகிற தஸ்பீஹ் மணி விரலுக்கடியில் நகருகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. அந்த நேரத்தில் யாராவது ஜெராக்ஸ் என்று வந்து நின்றால், "செத்த இருங்க, கடுதாசி வந்துட்டிருக்குது" என்பாள்.

அவள் வேலை முறையும் எண்ணோடு மாறிவிட்டது. கடிதத்தை அடித்துத் தட்டில் வைப்பாள். உரியவர் வந்து வாங்கும்போது எண் இருக்கிற தலைப்பை மட்டும் கிழித்துக் கம்பியில் குத்திக்கொள்வாள். கம்பியிலும் தட்டிலும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் சில எண்கள் விட்டுப்போயிருக்கும். அவை விளம்பரக் கடிதங்கள். பத்தே நாளில் மெலிய வைக்கிறேன், அமெரிக்காவில் குடியேற்றுகிறேன் என்று யார் யாரோ எழுதுகிற குப்பை. ஸ்கிரிப்ட் அதற்கும் மரியாதையாக எண் போடும். சாஜிதா அதை அடிக்க மாட்டாள். அதனால் ஓர் எண் விட்டுப்போனால் அவள் கண்டுகொள்வதில்லை.

தப்பு அங்கேதான் நடந்தது.

அக்டோபர் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. பதினோரு மணி இருக்கும். பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து பாவாத்தாள் இறங்கி வந்தாள். கிணத்துக்கடவுக்குத் தெற்கே தென்னந்தோப்பில் வேலை செய்கிறவள். அவள் புருஷன் செங்கோடன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டுக் கம்பெனி ஒன்று ஐந்து ரிக் வண்டிகளைத் தான்சானியாவுக்கு அனுப்பியபோது அவனும் போனான். போய் எட்டு மாதம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை டீசல் எடுக்க டவுனுக்கு வருகையில், அங்கே இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரி ஆபீஸில் உட்கார்ந்து ஒரு கடிதம் தட்டிவிடுவான். பாவாத்தாளும் மாதம் இரண்டு முறை உக்கடம் வந்து சாஜிதாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தாளை முந்தானையில் முடிந்துகொண்டு போவாள்.

அன்றைக்கு அவள் முகம் முகமாக இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்து நான்கு நாளாகியிருக்கும்.

"ஏனுங்க பாயம்மா, எங்கூட்டுக்காரரு கடுதாசி ஏதாச்சும் வந்துருக்குதுங்களா?"

"உக்காரு அம்மணி. என்ன இப்படி இருக்கற?"

பாவாத்தாள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். திங்கட்கிழமை தோட்டத்துக்காரர் வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை, ஒன்பதாம் தேதி, அங்கே கம்பெனி லாரி ஒன்று பாலத்திலிருந்து கவிழ்ந்துவிட்டதாம். நம்ம ஊர்ப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் இறந்துவிட்டார்களாம். பெயர் இன்னும் தெரியாது, தெரிந்ததும் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். எந்த ரிக்கின் லாரி என்றும் தெரியாது. மூன்று நாளாக மறுபடி லைன் கிடைக்கவில்லை. அவளுடைய அண்ணன் விசாரிக்கத் திருச்செங்கோட்டுக்குப் போயிருக்கிறான்.

"அவிய கடுதாசி எழுதீருந்தா உசுரோட இருக்காருன்னு அர்த்தமுங்க. அதான் ஓடியாந்தேன்."

சாஜிதா தட்டைக் கவிழ்த்துத் தேடினாள். கம்ப்யூட்டரில் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். புதுக் கடிதமெல்லாம் பட்டியலின் வாலில்தான் வந்து சேரும். இன்றிலிருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மஸ்கட், ஜித்தா, சிங்கப்பூர், மறுபடி மஸ்கட். தான்சானியா இல்லை. செங்கோடனிடமிருந்து கடைசியாக வந்தது 1098. அதை செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதியே பாவாத்தாள் வாங்கிப் போய்விட்டாள்.

"வரலையே அம்மணி."

பாவாத்தாள் அப்போதுதான் உட்கார்ந்தாள். ஸ்டூலில் இல்லை, தரையில். அழவில்லை. சரிங்க, சரிங்க என்று இரண்டு தடவை சொன்னாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் சாஜிதாவின் கை சும்மா கம்பியில் இருந்த துண்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. 1131, 1132. அடுத்தது 1134. விட்டுப்போன 1133 விளம்பரம். 1142. அடுத்தது 1144. 1143-உம் விளம்பரம். விளம்பரம்தானா? அதை யார் பார்த்தது? எண் விட்டுப்போனால் குப்பை என்று முடிவு கட்டியது அவள்தான். ஸ்கிரிப்ட் அப்படிச் சொல்லவில்லை. அது சொன்னதெல்லாம் ஒரே விஷயம்: இந்த எண்ணில் ஒரு கடிதம் வந்தது.

சாஜிதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எண்ணைச் சொன்னால் கடிதத்தைத் தேடி எடுத்துக் காட்டுகிற கட்டளை ஒன்றைப் பிரவின்குமார் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தான். இதுவரை அவசியப்படவில்லை. 1098-க்குப் பிறகு விட்டுப்போன எண்களைத் தாளில் குறித்தாள். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றாக அடித்தாள்.

1103. மெலிவதற்கு மாத்திரை. 1109. அமெரிக்க லாட்டரி. 1110. அதே லாட்டரி, வேறு பெயரில். 1118. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கிரெடிட் கார்டு விற்கிறார். 1126. மறுபடி மாத்திரை. 1133. லாட்டரி. இந்த மாத்திரைக்காரனையும் லாட்டரிக்காரனையும் பெற்றவர்களை சாஜிதா மனசுக்குள் வாழ்த்திய வாழ்த்தை அச்சில் ஏற்ற முடியாது. பாவாத்தாள் தரையில் இருந்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை எழுத்து வந்து நிற்கும்போதும் அவள் மூச்சும் நின்றது.

1143. என்டர் தட்டினாள். முதல் வரியில், அனுப்பியவர் என்ற இடத்தில், அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது. கீழே, "anbulla pavathaalukku" என்று ஆரம்பித்தது.

"யா அல்லாஹ்! வந்துருக்குது அம்மணி! இதோ இருக்குது!"

பாவாத்தாள் எழுந்து வந்து திரையைத் தொட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனாலும் தொட்டாள். சாஜிதா படித்தாள்.

"அன்புள்ள பாவாத்தாளுக்கு. நான் சௌக்கியம். பாப்பா கயல்விழி படிப்பு எப்படி இருக்குது? போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போர் போட்டோம். அறுநூறு அடிக்கும் வெறும் புழுதி. அறுநூத்தி நாப்பதுல தண்ணி பீச்சிட்டு வந்துது. ஊரே வந்து நனைஞ்சுட்டு ஆடுனாங்க. ஒரு கிழவி என் கையைப் புடிச்சு முத்தம் குடுத்தாங்க. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. மழைக்கு முன்னாடி சாளை வீட்டுக்கு உடைஞ்ச ஓடெல்லாம் மாத்திப்போடு. செவலக் கன்னுக்குட்டிய விக்க வேண்டாம், நான் வந்து பார்த்துக்கறேன். செங்கோடன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணும் துடைத்துக்கொண்டார்கள். அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பாவாத்தாள் தோப்புக் கூலிக்காரி. எதையும் முழுசாக நம்பிவிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஏனுங்க பாயம்மா. லாரி கவுந்ததப் பத்தி ஒண்ணுமே எழுதலீங்களே."

சாஜிதா மறுபடி பார்த்தாள். எழுதவில்லைதான்.

"அப்ப ஒண்ணு, அவியளுக்கு அது தெரியாம இருக்கோணும். ரிக்கெல்லாம் ஒண்ணுக்கொண்ணு நூறு மைலு, எரநூறு மைலுன்னு சொல்லீருக்காரு. இல்லாட்டி..." அவள் திரையிலிருந்து கையை எடுத்தாள். "இது லாரி கவுறறதுக்கு முன்னாடியே எழுதுனதுங்க. இது என்னிக்கு எழுதுனதுன்னு பாருங்க."

சாஜிதா தேதி வரிக்குப் போனாள். அங்கே போட்டிருந்தது: 1980, ஜனவரி 1, இரவு 12 மணி 41 நிமிஷம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதேதான்.

"எம்பதுங்களா? எம்பதுல எனக்குக் கண்ணாலமே ஆகலீங்க."

இப்போது சாஜிதாவுக்குப் புரிந்தது, இந்தக் கடிதம் ஏன் கண்ணில் படவில்லை என்று. பட்டியல் நிற்பது கடிதம் எழுதிய தேதி வரிசையில், எண் வரிசையில் இல்லை. 1980 என்று தேதி போட்ட கடிதம் வாலுக்கு வருமா? தலைக்குப் போய்விட்டது. அவள் பூத்துக்கு வந்த முதல் கடிதத்துக்கும் மேலே ஏறி, யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கடிதம் இங்கே கிடக்க, இந்தப் பெண் அங்கே சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருக்கிறாள். சாஜிதாவுக்குத் தன் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

அனுப்பியவனின் தேதி பொய். ஆனால் ஸ்கிரிப்ட் போட்ட தேதி இருக்கிறதே! மேலே போய்ப் பார்த்தாள். எண் 1143. வந்து சேர்ந்தது 1999, அக்டோபர் 11, மாலை 4 மணி 32 நிமிஷம் 9 விநாடி.

"திங்கக்கிழமை அம்மணி! லாரி கவுந்தது சனிக்கிழமை. இது வந்தது திங்கக்கிழமை!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சுருக்கென்றது. வந்தது திங்கட்கிழமை. எழுதியது? உக்கடம் தபாலாபீஸில் ஒரு கவர் எத்தனை நாள் தூங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் பிரவின்குமாரின் லேப்புக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, தேதி எம்பதுன்னு இருந்தா அந்த கம்ப்யூட்டர்ல கடிகார பேட்டரி செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவை சுவிட்சு போடும்போதும் அது எம்பது சனவரி ஒண்ணு, நடுராத்திரி பன்னண்டு மணியில இருந்துதான் ஓட ஆரம்பிக்கும். அத உடுங்க. கடுதாசி தலையில 'ரிசீவ்டு'ன்னு நாலஞ்சு வரி இருக்கும் பாருங்க. அது ஒவ்வொண்ணும் ஒரு ஊரு. கடுதாசி எங்கெங்க நின்னு வந்துதோ அந்தந்த ஊரு கம்ப்யூட்டரு அதுவா நேரம் போட்டு உடும். கீழ இருந்து மேல படிங்க."

இத்தனை மாதமும் அந்த வரிகளை ஏதோ பூச்சி ஊர்ந்த தடம் என்று ஒதுக்கிவைத்தவள் சாஜிதா. இப்போது விரலை வைத்துப் படித்தாள். கடைசி வரி மிஷன் ஆஸ்பத்திரி. 1980, ஜனவரி 1, 12 மணி 47. அதற்கு மேலே தான்சானியாவின் பெரிய பட்டணமான தார் எஸ் ஸலாம்: அக்டோபர் 11, காலை 10 மணி 53. அதற்கு மேலே லண்டன்: அங்கத்து நேரம் காலை 8 மணி 54. அவன் சொல்லித் தந்தபடி கூட்டிக் கழித்தாள். தார் எஸ் ஸலாமிலிருந்து லண்டனுக்கு ஒரே நிமிஷம். கண்டத்தையும் கடலையும் தாண்டி ஒரு நிமிஷத்தில். சாஜிதாவுக்கு உக்கடத்திலிருந்து டவுன்ஹால் போகவே அரை மணி ஆகும். அதற்கு மேலே பம்பாய். அதற்கு மேலே அவளுடைய பூத். ஒரு தோப்புக் கூலிக்காரியின் புருஷன் ஓடு மாத்தச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு, வழியெல்லாம் முகம் தெரியாத கம்ப்யூட்டர்கள் எழுந்து நின்று, எங்கள் ஊரை இத்தனை மணிக்குத் தாண்டிப் போனது என்று சாட்சி எழுதி வைத்திருக்கின்றன. யாரும் கேட்கவில்லை. யாரும் படிப்பார்கள் என்ற உத்தரவாதமும் இல்லை.

"தம்பி, தார் எஸ் ஸலாம் திங்கக்கிழமை காலையிலன்னு போட்டுருக்குது."

"நல்லதுங்க்கா. ஆனா..." அவன் தயங்கினான். "அந்த அம்மாகிட்ட இப்பவே சொல்லிப்போடாதீங்க. அவரு வெள்ளிக்கிழமையே எழுதி, அந்த ஆஸ்பத்திரிக்காரங்க போட்டு வெச்சிருந்து திங்கக்கிழமை லைன் கிடைச்சப்புறம் அனுப்பியிருந்தா? தப்பா ஒரு நம்பிக்கையக் குடுத்துறக் கூடாதுங்க."

அவன் சொன்னது நியாயம். சாஜிதா ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அந்த இரண்டு நேரத்தையும் பார்த்தாள். எழுதியது 12:41. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியது 12:47.

"தம்பி, சுவிட்சு போட்டதுமே அந்தக் கடிகாரம் பன்னண்டுல இருந்து ஓடும்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்க."

"எழுதி முடிச்சது நாப்பத்தியொண்ணாவது நிமிஷம். அனுப்பினது நாப்பத்தியேழாவது நிமிஷம். வேற நாள்னா ஆறு நிமிஷ இடைவெளியில எப்படிங்க வந்து ஒட்டும்? அதே உக்காருகையில எழுதி அதே உக்காருகையில அனுப்பியிருக்காரு."

"தற்செயலாக் கூட..."

"இருங்க." அவள் செங்கோடனின் பழைய கடிதங்களை எண் சொல்லி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். 1098. 1041. 987. 930. அதிலெல்லாம் தேதி சரியாக இருந்தது. பேட்டரி சாவதற்கு முந்தியவை. எழுதிய நேரத்துக்கும் தார் எஸ் ஸலாம் போய்ச் சேர்ந்த நேரத்துக்கும் நடுவில் ஐந்து நிமிஷம், ஒன்பது நிமிஷம், நாலு, ஏழு. ஒன்று கூடப் பத்து நிமிஷத்தைத் தாண்டவில்லை. "இந்த ஆஸ்பத்திரிக்காரங்க கடுதாசியப் போட்டு வெக்கிறவங்களே இல்ல தம்பி. எழுதினா உடனே அனுப்பறாங்க."

அந்தப் பக்கம் அவன் அந்த நிமிஷங்களை முணுமுணுத்துக் கணக்குப் பார்ப்பது கேட்டது.

"சொல்லுங்க்கா," என்றான் பிரவின்குமார். "அந்த அம்மாகிட்டச் சொல்லிருங்க. நம்பலாமுங்க."

சாஜிதா ரிசீவரை வைத்துவிட்டு, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கி, மறுபடி கீழே உட்கார்ந்துவிட்ட பாவாத்தாளுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய காலுக்கு அது லேசான காரியமில்லை. எழுதியது எப்போது, அதை எப்படித் தெரிந்துகொண்டாள் என்பதை ஒரு வரி விடாமல் சொன்னாள். செத்துப்போன கடிகாரம் எங்கிருந்து ஆரம்பிக்கும் என்பதையும், ஒவ்வொரு ஊரும் போட்ட நேரத்தையும் சொன்னாள். பாவாத்தாள் குறுக்கே கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டாள். மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

"அப்ப திங்கக்கிழமை காத்தால பத்தே முக்கா மணிக்கு அவிய அந்த ஆஸ்பத்திரியில உக்காந்துருக்காரு."

"ஆமா அம்மணி. சனிக்கிழமை கவுந்த லாரியில அவரு இல்லை."

பாவாத்தாள் கும்பிட்டாள். சாஜிதாவையா, கம்ப்யூட்டரையா, வேறு யாரையாவதா என்று தெரியவில்லை. கை பொதுவாக மேலே போயிற்று. "அந்த மூணு பேரு ஆரு பெத்த புள்ளைகளோ" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். சாஜிதா அவள் முதுகில் கையை வைத்துத் தடவிக் கொடுத்தாள். ஜெராக்ஸுக்கு வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ துக்க வீடு என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அழுகை அடங்கியதும் பாவாத்தாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அது அவிய ஊரு நேரமுங்களா, நம்ம ஊரு நேரமுங்களா?"

"அங்கத்து நேரம். நம்மளது ரெண்டரை மணி கூட. மதியம் ஒண்ணேகால்னு வெச்சுக்க."

பாவாத்தாள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். உதடு மட்டும் அசைந்தது. எதையோ கணக்குப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"திங்கக்கிழமை பன்னண்டு மணிக்குத்தானுங்க போன் வந்துது. அர மணி நேரத்துல ஊரே ஊட்டு முன்னால கூடிப்போச்சு. அழுது பொரளுறாங்க. எங்க பெரியத்தை என்னைய நடு ஊட்டுல உக்கார வெச்சாங்க. மூணு பேருல அவனும் இருப்பான், எத்தன நாளுக்குத்தான் இதக் கழுத்துல போட்டுட்டு இருப்ப நீன்னு, தாலிக்கயித்துல கையப் போட்டாங்க. பேரு வரட்டும், பேரு வரட்டும்னு நாந்தான் கெட்டியாப் புடிச்சுட்டு உடல. நாலு பேரு சேந்து என்ற கைய விரிச்சாங்க பாயம்மா. அப்பத்தான் வெள்ளிங்கிரி கடையில ரேடியோவுல ஒண்ணேகால் செய்தி ஆரம்பிச்சுது. அந்தச் சத்தங் கேட்டுது எனக்கு."

அவள் மூச்சு வாங்கினாள்.

"அந்நேரத்துக்குத்தான் அவிய அங்க உக்காந்துட்டு, செவலக் கன்ன விக்காதேன்னு எழுதீட்டு இருந்துருக்காரு."

எண் போட்டதையும் நேரம் போட்டதையும் இத்தனை மாதம் வியந்து வியந்து பார்த்த சாஜிதா, அந்த நேரத்துக்கு மறுபக்கமும் ஒன்று இருக்கும் என்று நினைத்ததில்லை.

"அந்தத் தேதியையும் மணியையும் ஒரு தாள்ல பெருசா எழுதிக் குடுங்க பாயம்மா," என்றாள் பாவாத்தாள். "நம்ம ஊரு நேரத்துலயே எழுதுங்க. எங்க பெரியத்தைக்குத் தமிழ் படிக்கத் தெரியும்."

சாஜிதா எழுதிக் கொடுத்தாள். பாவாத்தாள் அதை நான்காக மடித்து, தாலிக்கயிற்றோடு சேர்த்து ஊக்குப் போட்டுக்கொண்டாள். கடிதத்தை அப்புறம்தான் கேட்டு வாங்கினாள்.